வயல் நகரான இடத்தில் குப்பையை என்ன செய்வது?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும் சுற்றிலும் புது நகர்கள்தான். நெல் விளைந்த வயலில் மண்ணடித்து, கல் நட்டு, மனையாக விற்றாயிற்று. ரோடு வந்துவிடும், கரண்ட் வந்துவிடும், குப்பை வண்டி மட்டும் வராது. அப்புறம் குப்பை எங்கே போகும்? பின்னால் ஓடும் வாய்க்காலுக்குத்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது அத்தனை பையும் மதகில் போய் அடைத்துக்கொள்ளும், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை விவசாயி அங்கே தண்ணீருக்குக் காத்திருப்பார், ஐப்பசி மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் நம் வாசலில் நிற்கும்.

முதலில் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். விலாசத்தில் கும்பகோணம் என்று இருக்கும், வரி பக்கத்து ஊராட்சிக்குப் போகும். அப்படியானால் மாநகராட்சி வண்டியை எதிர்பார்த்துப் பயனில்லை. ஊராட்சி அலுவலகத்தில் தூய்மைக் காவலர் உங்கள் தெருவுக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பது பெரிய வேலை இல்லை. மக்குவது, மக்காதது, அப்புறம் நாப்கின், டயாபர் தனியாக, பழைய பேட்டரி போன்றவை தனியாக. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுங்கள், எடுப்பவரும் மனிதர்தானே. பால் கவரை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். சிப்ஸ் பாக்கெட்டை யாரும் வாங்க மாட்டார்கள், அதற்காகக் கொல்லையில் கொளுத்தவும் வேண்டாம். பொது இடத்தில் எரிப்பதும் நீர்நிலையில் போடுவதும் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன.

மக்குவதை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது, ஏனென்றால் நாறுவதும் நாயை இழுப்பதும் அதுதான். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பழைய டிரம் அல்லது பெரிய மண்தொட்டி போதும், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோலோ சருகோ போட்டு, தினமும் காய்கறித்தோல், டீத்தூள், சாப்பிட்ட வாழையிலை (நறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு காற்றே போகாது), அதன்மேல் அதைவிட இரண்டு மடங்கு காய்ந்த சரக்கு. உமி சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதை மட்டும் கொட்டாதீர்கள், அது லேசில் மக்காது. நறுக்கிய வைக்கோலோடு கொஞ்சம் கலந்தால் காற்றோட்டத்துக்கு நல்லது. தொடங்கும்போது ஒரு கை சாணத்தைக் கரைத்து ஊற்றினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாறுகிறதா, ஈரம் அதிகம், இன்னும் வைக்கோல் போடுங்கள். புழு வந்தால் அலற வேண்டாம், அதுவும் வேலைதான் செய்கிறது, பிடிக்கவில்லை என்றால் மேலே சருகைக் கனமாகப் போட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள், நம் ஊர் அடைமழையில் நனைந்தால் கூழாகிவிடும். இரண்டு, மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசம் வந்தால் சலித்துத் தென்னைக்கும் முருங்கைக்கும் போடலாம். மீன் முள்ளும் எலும்பும் தொட்டியில் வேண்டாம், கொல்லையில் ஆழமாகப் புதையுங்கள்.

வீட்டில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் சமையல்காரரிடம் முன்பே பேசுங்கள். இலை ஒரு பக்கம், தண்ணீர் பாட்டிலும் கப்பும் ஒரு பக்கம். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் தடை இருக்கிறது, ஆனாலும் பந்திக்கு அதுதான் வருகிறது. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக அந்த வாய்க்கால். தனியாகப் போய்ச் சண்டை போட்டால் காரியம் நடக்காது, தெருவில் பத்துப் பேர் கையெழுத்தோடு சர்வே எண்ணையும் வாய்க்கால் பெயரையும் எழுதி, தூர்வாரக் கேட்டு, மார்ச் 22 கிராம சபையில் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தூர்வாரும் வேலை பெரும்பாலும் கோடையில்தான் நடக்கும், மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. ஆகஸ்ட் 15 சபையில் போய்க் கேட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.