பிளாட்டூனை முதன்முதலாக ஏற்கும் லெப்டினென்ட்டுக்கு

சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி முடித்த கையோடு, மலைமுகப்பில் இருக்கும் காலாட்படை பட்டாலியனுக்கு அனுப்பினால் உங்களிடம் வருவது ஒரு பிளாட்டூன். மூன்று செக்‌ஷன், செக்‌ஷனுக்குப் பத்துப் பேர். கூடவே ஒரு நாயப் சுபேதார், அதாவது சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த இளநிலை அதிகாரி. நீங்கள் எல்கேஜி சேர்ந்த வருஷம் அவர் படையில் சேர்ந்திருக்கலாம். முதல் இரண்டு நாள், ஆபத்தானதைத் தவிர எதையும் மாற்றாதீர்கள். அவரைத் தனியே உட்கார வைத்துக் கேளுங்கள்: "சாப், வீட்டுக் கவலையோடு இருப்பவர் யார்? உடம்பு முடியாததை மறைப்பவர் யார்?" யோசனை தனியாகக் கேட்கலாம். முடிவை மட்டும் எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்ல வேண்டும்.

உயரத்துக்கு உடலைப் பழக்காமல் ஏறினால் எதிரி சுடும் முன்பே ஆள் குறையும். 2700 மீட்டரிலிருந்து 3600 வரை ஆறு நாள், 4500 வரை நான்கு நாள், அதற்கு மேல் இன்னும் நான்கு நாள் என்பது நம் ராணுவக் கணக்கு. தலைவலி, வாந்தி என்றால் மேலே ஏற்றாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இருமல் விடாமல் வந்தாலோ நுரையீரலில் நீர் கோர்க்கிறது என்று எடுத்துக்கொண்டு ஆக்சிஜனோடு உடனே கீழே இறக்குங்கள். "விடியட்டும், பார்க்கலாம்" என்றால் ஆள் போய்விடுவார்.

கால்களைத் தினமும் நீங்களே பாருங்கள். பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் விரல் விரலாக அழுத்துங்கள். மெழுகுபோல் வெளுத்து உணர்ச்சியற்று இருந்தால் அது பனிக்கடி. தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தடவவே கூடாது. மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் சூடேற்றவும் கூடாது, ஏனென்றால் இரண்டாவது முறை உறைந்தால் சேதம் இன்னும் அதிகம். மாற்று சாக்ஸைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்தால் காய்ந்துவிடும். லெப்டினென்ட் மண்டியிட்டுத் தன் காலைப் பார்க்கிறார் என்றால், அடுத்த வாரம் ஜவான் வலியை மறைக்க மாட்டார்.

காவலுக்கு இரண்டிரண்டு பேர். இருவரையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒருவர் புதிதாக வரும்போது மற்றவர் இருட்டுக்குப் பழகிய கண்ணோடு இருக்க வேண்டும். விடிவதற்கு அரை மணி முன்பே எல்லோரும் ஆயுதத்தோடு தயார்.

தாக்குதல் உத்தரவு வந்தால் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி செக்‌ஷன் கமாண்டர்களுக்கு. தரையில் மண்ணும் கல்லும் கொண்டு மலையின் மாதிரியைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு செக்‌ஷன் கமாண்டரையும் தன் வேலையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். 1999 கார்கிலில் இரவில் ஏற வேண்டியிருந்தது, மேலே இருந்தவர்களுக்குப் பகலில் சரிவு முழுக்கத் தெரியும். ஆகவே கிளம்பும் நேரத்தை விடியலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரவு ஏற்றம் நினைப்பதைவிட எப்போதும் அதிக நேரம் எடுக்கும்.

இலக்கைப் பிடித்த அடுத்த அரை மணியே மோசமான நேரம். களைப்பில் ஆட்கள் ஓரிடத்தில் கூடிவிடுவார்கள், எதிரியின் பீரங்கிக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். உடனே பரப்பி நிறுத்துங்கள். ஒவ்வொரு செக்‌ஷனிலும் எத்தனை பேர், எத்தனை தோட்டா, யாருக்குக் காயம் என்று கேட்டு, தோட்டாவைப் பங்கிடுங்கள்.

ஒருவர் இறந்திருந்தால், அவருடைய பொருட்களை இரண்டு பேர் சாட்சியாக எழுதி மூட்டை கட்டுங்கள். அன்றிரவு அவரோடு காவல் நிற்க வேண்டியிருந்தவரைத் தனியே விடாதீர்கள். அந்தக் காவல் நேரம் முழுக்க நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.