யூரின் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீரைச் சுத்தமாகப் பிடிப்பது எப்படி?

சிறுநீர்த் தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்கும் மருத்துவர் யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுப்பார். சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று கண்டறியும் பரிசோதனை இது. தோலில் இயல்பாகவே இருக்கும் கிருமிகள் டப்பாவுக்குள் விழுந்தால் அவையும் சேர்ந்து வளர்ந்து முடிவைக் குழப்பிவிடும். அதனால் தேவையற்ற மருந்தை உட்கொள்ள நேரலாம். எனவே கீழ்க்கண்ட ஒவ்வொரு படியையும் தயவுசெய்து பொறுமையாகப் பின்பற்றுங்கள்.

1. ஆண்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே மாதிரியைக் கொடுப்பது நல்லது. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே சிறந்தது.

2. லேபில் தரும் கிருமி நீக்கிய டப்பாவையே பயன்படுத்துங்கள். கழுவிய மருந்து பாட்டில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இதற்கு உதவாது. பெயரையும் தேதியையும் டப்பாவின் மீதே எழுதுங்கள். மூடியில் மட்டும் எழுதினால் திறந்து வைக்கும்போது மாறிப்போக வாய்ப்புண்டு.

3. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெண்கள் பிறப்புறுப்பின் மடல்களை விரல்களால் விலக்கி, முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் சுத்தம் செய்ய வேண்டும், ஆசனவாயிலுள்ள ஈ.கோலை போன்ற கிருமிகள் முன்னே வந்துவிடக் கூடாது என்பதே காரணம். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி நுனியைக் கழுவ வேண்டும். டெட்டால் போன்றவை வேண்டாம். அவற்றின் மிச்சம் டப்பாவில் கலந்தால், கண்டுபிடிக்க வேண்டிய கிருமியையே அழித்துவிடக்கூடும்.

4. முக்கியமான படி இதுதான். விலக்கிய மடல்களையோ தோலையோ விடாமல், முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். சிறுநீர்ப் பாதையின் வாயிலுள்ள கிருமிகளை அது அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு தாரை நிற்காமலேயே டப்பாவை உள்ளே நீட்டி, பாதியளவு நிரம்பியதும் எடுத்துவிட்டு, மீதியை மீண்டும் கழிப்பறையில் கழியுங்கள். டப்பாவின் விளிம்பு உடலில் படக் கூடாது, விரல் உட்புறத்தில் படக் கூடாது, மூடியைக் கீழே வைப்பதானால் உட்புறம் மேல்நோக்கி இருக்க வேண்டும்.

5. இறுக மூடி, 2 மணி நேரத்திற்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். வெதுவெதுப்பான சிறுநீரில் ஈ.கோலை ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது என்பதால், தாமதமானால் சில கிருமிகளும் பெருகி, கடுமையான தொற்றுபோலக் காட்டும். உடனே போக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். அதிகபட்சம் 24 மணி நேரம் தாங்கும்.

மாதவிடாய் நாள்களில் கொடுக்க நேர்ந்தால் கூச்சப்படாமல் லேபில் தெரிவியுங்கள். சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களுக்குப் பையில் தேங்கியிருப்பதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கான மாதிரியைச் செவிலியரே உரிய முறையில் எடுப்பார்.