தையல் தளத்தில் குறுக்கு வலியைத் தடுக்கப் பயிற்சி நடத்துவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் மாலைக்கு மேல் தையல் தளத்துக்குள் போனால் தைல வாசனை மூக்கில் ஏறும். கழுத்திலும் குறுக்கிலும் தேய்த்துக்கொண்டு தைப்பவர்களில் இருபத்தைந்து வயதுப் பெண்களும் இருக்கிறார்கள். வயதின் மேல் பழி போட வழியில்லை.

இங்கே சொல்வது, முதல்முறையாகப் பயிற்சி நடத்தப்போகும் மேற்பார்வையாளர்களுக்கு. தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: முதல் வகுப்புக்கு டெய்லர்களோடு மிஷின் மெக்கானிக்கையும் உற்பத்தி மேலாளரையும் உட்கார வையுங்கள். சுமை தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. முக்காலியை மாற்றாமல் "நிமிர்ந்து உட்காருங்கள்" என்று சொல்வது தொழிலாளி மேல் குற்றம் சுமத்துவதாகவே முடியும்.

படி 1: வலி எங்கே?

பெரிய சார்ட் தாளில் மனித உடலின் முன்புறத்தையும் பின்புறத்தையும் கோட்டுப்படமாக வரையுங்கள். ஆளுக்கு மூன்று ஒட்டும் பொட்டுகள் கொடுத்து, வலிக்கும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். கட்டிங், ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் மிஷின்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தாள் வையுங்கள். வாயால் கேட்டால் "ஒன்றுமில்லை" என்பவர்கள்கூடப் பொட்டை ஒட்டிவிடுவார்கள். தாளில் தேதியைக் குறித்துப் பத்திரமாக வையுங்கள்.

படி 2: பக்கவாட்டிலிருந்து பாருங்கள்

ஒருவர் பத்துப் பன்னிரண்டு பீஸ் தைப்பதை, அவர் சம்மதத்தோடு, பக்கவாட்டில் நின்று கைபேசியில் படமெடுங்கள். முகம் தேவையில்லை. காது தோளுக்கு எவ்வளவு முன்னால் போகிறது, தோள்பட்டை தூக்கியபடி இருக்கிறதா, பாதம் எங்கே ஊன்றுகிறது என்று கவனியுங்கள். 1993இல் வெளிவந்த ரூலா என்ற மதிப்பீட்டு முறையில், கழுத்து 20 டிகிரிக்கு மேல் முன்னால் சாய்ந்தால் ஆபத்துப் புள்ளி கூடும். அந்தப் படத்தை டெய்லரிடமே காட்டுங்கள். எது வலிக்கிறது என்று அவரே விரல் வைத்துச் சொல்வார்.

படி 3: மேசையைத் திருத்துங்கள்

பயிற்சியின் உயிர் இதுதான். அரை நாள் ஆனாலும் ஆகட்டும்.

முதலில் இருக்கை. முதுகுச் சாய்மானம் இல்லாத மர முக்காலி எட்டு மணி நேர வேலைக்குத் தகாது. உயரம் மாற்றக்கூடிய, கீழ்முதுகைத் தாங்கும் நாற்காலி வேண்டும். உட்கார்ந்தால் பாதம் முழுதும் பெடலில் படிய வேண்டும். தொடையின் அடிப்புறம் இருக்கையின் விளிம்பில் அழுந்தக் கூடாது.

அடுத்தது பெடல். அது டெய்லருக்கு மிக அருகே இருந்தால் கால் மடங்கி, உடம்பு பின்னால் தள்ளப்படும். ஊசியைப் பார்க்கக் கழுத்து முன்னால் நீளும். பெடலைச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தினால், உடம்பு மேசைக்கு நெருங்கும். மெக்கானிக்குக்குச் சிறிய வேலைதான்.

பிறகு மேசை. பல ஸ்டாண்டுகளில் உயரம் மாற்றும் போல்ட் இருக்கிறது. மிஷின் வந்த நாளில் முடுக்கியதோடு சரி, யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். தைக்கும் தளம் முழங்கை மட்டத்துக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே இருந்தால் குனிவு குறையும். மேசையை டெய்லர் பக்கமாக 10 டிகிரி சாய்த்தால் இன்னும் நல்லது. ஊசிக்கு மேலே தனி விளக்கு வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுபவர் வெளிச்சம் போதாமல்தான் குனிகிறார்.

செக்கிங் பிரிவில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு ஒரு காலை மாற்றி மாற்றி வைக்கச் சிறு பலகையும், இடையில் உட்கார ஸ்டூலும் கொடுங்கள். நின்று வேலை செய்பவர்களுக்கு உட்காரும் வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது.

படி 4: சுமையைக் கணக்கிடுங்கள்

"முழங்காலை மடக்கித் தூக்கு" என்ற சுவரொட்டியை எல்லா இடத்திலும் பார்க்கலாம். துணி ரோல் தொடைகளுக்கு நடுவே அடங்காது, உடம்பிலிருந்து தள்ளியே இருக்கும் என்பதை அதை ஒட்டியவர் யோசிக்கவில்லை.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத் தக்க எடை 23 கிலோதான். உடம்பிலிருந்து 25 செ.மீ. தள்ளியிருக்க வேண்டிய சுமை 50 செ.மீ. தள்ளிப்போனால் அந்த எடை வரம்பு 11.5 கிலோவாகப் பாதியாகிறது. அதையே தரையிலிருந்து எடுத்தால் 9 கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. உடம்பைத் திருப்பினாலும், அடிக்கடி தூக்கினாலும் மேலும் குறையும். உங்கள் ரோல் 20 கிலோ என்றால் விடை தெளிவு: இடுப்பு உயர ரேக், சக்கர வண்டி, இரண்டு ஆள். கைமடிகள் (டெய்லருக்கு உதவும் ஆட்கள்) தூக்கும் பண்டில்களையும் சிறிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

படி 5: ஓய்வும் மாற்று வேலையும்

அரை மணிக்கு ஒருமுறை அரை நிமிடம் கையை இறக்கி, தோளைச் சுழற்றி, தூரத்தில் எதையாவது பார்த்தால் போதும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் தாமாக நிறுத்த மாட்டார். மணி அடித்து வரிசை முழுவதையும் நிறுத்துங்கள். வேலையை மாற்றிக் கொடுக்கும்போது ஓவர்லாக்கிலிருந்து பேட்லாக் என்ற இன்னொரு தையல் மிஷினுக்கு மாற்றுவதில் பயனில்லை, அதே கழுத்துதான் குனியும். உட்கார்ந்தவரை நிற்கும் வேலைக்கு மாற்றுங்கள்.

படி 6: சீக்கிரம் சொல்ல விடுங்கள்

இரவில் விரல்கள் மரத்துப்போவது, பிடி தளர்வது, குறுக்கு வலி காலுக்கு இறங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள். சொன்னவருக்கு அன்றைய கூலி போகாது என்பதை மேலாளர் தம் வாயால் வகுப்பிலேயே அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் புதிய சார்ட்டை மாட்டி, மறுபடி மூன்று பொட்டு கொடுத்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். பொட்டுகள் குறுக்கிலிருந்து கழுத்துக்கு ஏறியிருந்தால், நாற்காலியை உயர்த்திவிட்டு மேசையை அப்படியே விட்டது காரணமாக இருக்கலாம். ஸ்பானரோடு மெக்கானிக்கை மறுபடி கூப்பிடுங்கள்.