எலெக்ட்ரோனிக்ஸ் இல்லாத இன்டெக்ஸ் றேஸ்: பொடியள் விடுகிற பிழைகள்

கனடாவில் இருக்கிற மச்சான்மார் கயூகா ட்ராக்கில் ஓடுகிற வீடியோக்களை அனுப்பி அனுப்பி, யாழ்ப்பாணத்திலும் கொஞ்சப் பேருக்கு டிராக் றேஸ், அதாவது இரண்டு கார்கள் நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடுகிற போட்டி, பிடித்துவிட்டது. நல்லது. ஆனால் என்னிடம் வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: காரை இன்னும் கெதியாக்குவது எப்படி? இன்டெக்ஸ் வகுப்பில் முதல் பிழையே இந்தக் கேள்விதான்.

இன்டெக்ஸ் என்றால் ஓட வேண்டிய நேரத்தை முன்கூட்டியே கட்டிவைத்திருப்பார்கள். அமெரிக்காவில் டிராக் றேஸை நடத்துகிற என்எச்ஆர்ஏ அமைப்பில் சூப்பர் ஸ்ட்ரீட்டுக்கு 10.90 செக்கன், சூப்பர் காஸுக்கு 9.90, சூப்பர் கொம்புக்கு 8.90, எல்லாம் கால் மைலுக்கு, அதாவது 402 மீற்றருக்கு. அதற்குக் கீழே போனால் பிரேக் அவுட், தோல்வி. அங்கே த்ரொட்டில் ஸ்டொப் என்ற கருவி காரை அளவாக இழுத்துப் பிடிக்கும். நான் சொல்வது அதுவும், கார் கிளம்புவதைக் கணக்காகப் பிந்தவைக்கிற டிலே பொக்ஸும் தடைசெய்யப்பட்ட வகுப்புகளைப் பற்றி. அங்கே அந்த வேலை முழுக்க உங்கள் காலில்தான்.

சரி, 10.90 இன்டெக்ஸுக்கு 10.60 போகிற காரைக் கொண்டுபோய்க் கடைசியில் பிறேக் பிடித்துச் சமாளிக்கலாம் என்று ஒரு நினைப்பு இருக்கும். மணிக்கு 200 கிலோமீற்றரில் போகும்போது 0.30 செக்கன் என்பது பதினாறு பதினேழு மீற்றர், அதைக் கண்ணால் அளந்து விட்டுக்கொடுக்க யாரால் முடியும்? இடையில் பிறேக்கில் கார் இழுபட்டால் பக்கத்து லேனில் வருகிறவனுக்கும் ஆபத்து. வீட்டிலேயே காரை இன்டெக்ஸுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். 45 கிலோ பாரம் ஏற்றினால் கார் ஏறத்தாழ 0.10 செக்கன் பிந்தும் என்பது பழைய கணக்கு, இக்னிஷன் ரைமிங்கையும் கொஞ்சம் பின்னுக்கு விடலாம். 10.87, 10.88 போகிற கார் என்றால் கடைசியில் காலை மெல்ல எடுத்தாலே போதும்.

அடுத்தது பச்சைக்குக் காத்திருப்பது. றோட்டில் ஓடிப் பழகிய எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. ட்ரீ என்பது தொடக்கக் கோட்டில் இருக்கிற லைற் கம்பம். சாதாரண ட்ரீயில் மூன்று மஞ்சளும் 0.5 செக்கன் இடைவெளியில் ஒவ்வொன்றாக விழும், கடைசி மஞ்சளுக்கு அரைச் செக்கன் கழித்துப் பச்சை. உங்கள் கால் அசையவும் கார் உருளவும் கிட்டத்தட்ட அந்த அரைச் செக்கன் போய்விடும், ஆகவே கடைசி மஞ்சள் கண்ணில் பட்டதுமே கிளம்ப வேண்டும். ப்ரோ ட்ரீ என்றால் மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 செக்கனில் பச்சை. எந்த ட்ரீ என்று கேட்காமலே லைனில் போய் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள்!

இதன் விலை தெரியாமல்தான் எஞ்சினில் காசைக் கொட்டுகிறார்கள். பச்சை விழுந்து கார் கிளம்ப எடுக்கிற நேரம்தான் ரியாக்‌ஷன். நீங்கள் 0.050இல் கிளம்பி 10.93 ஓடினால் மொத்தம் 10.980. எதிராளி 0.010இல் கிளம்பி 10.96 ஓடினால் 10.970. ஓட்டத்தில் அவன் பிந்தினவன், கோட்டில் முந்தினவன்.

ஆனால் அதிகம் தோற்கவைப்பது ஸ்டேஜிங், அதாவது தொடக்கக் கோட்டின் ஒளிக்கதிர்களில் முன் ரயரைக் கொண்டுபோய் நிறுத்துவது. ப்ரீ ஸ்டேஜ் கதிருக்கும் ஸ்டேஜ் கதிருக்கும் இடையில் ஏழு அங்குலம்தான். முன் ரயர் ஸ்டேஜ் கதிரை விட்டு விலகும்போதுதான் ஓட்ட நேரம் எண்ணத் தொடங்கும். லைற் எரிந்த மட்டில் நின்றால் கதிரை விட்டு விலக முன்பே கார் கொஞ்சம் உருண்டு வேகம் எடுத்திருக்கும். ரியாக்‌ஷன் பிந்தும், ஓட்ட நேரம் குறையும். உள்ளே தள்ளி நின்றால் நேர்மாறு, பச்சைக்கு முன்பே கிளம்பிச் சிவப்பு விழுந்து தோற்கும் ஆபத்தும் கூடும். எது என்பது உங்கள் விருப்பம், ஒவ்வொரு முறையும் அதே இடமாக இருக்க வேண்டும். இடது காலால் பிறேக்கை விட்டுவிட்டு அமத்தி அங்குலம் அங்குலமாக உள்ளே போங்கள், லைற் எரிந்ததும் நில்லுங்கள், பிறகுதான் வலது காலால் ஆர்பிஎம்மை ஏற்றுவது. பிறேக் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி ஏற்றினால் கார் தானாக நகர்ந்து சிவப்பு விழும். முன் ரயர் காற்று மாறினாலும் உருளும் தூரம் மாறும். பின் ரயருக்குப் பார்க்கிற அக்கறை முன் ரயருக்கு யாரும் பார்ப்பதில்லை.

காற்றையும் மறக்கிறார்கள். மத்தியான வெயிலில் 10.92 போன கார் பொழுதுபட்டு குளிர்ந்ததும் 10.86 போய் உங்களை வீட்டுக்கு அனுப்பக்கூடும், சூடான ஈரக்காற்றில் எஞ்சினுக்கு ஒக்சிசன் குறைவு என்பதுதான் காரணம். சோளகம் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கடலுக்குப் போகிறவர்கள் பார்ப்பதுபோல நீங்களும் பார்க்க வேண்டும். நேரம், வெப்பநிலை, காற்று, ரயர் அழுத்தம், முதல் 60 அடி நேரம் எல்லாம் கொப்பியில் எழுதுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றை மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கடைசியில் கோடு. இருவரும் பிரேக் அவுட் ஆனால் குறைவாகத் தாண்டியவருக்கு வெற்றி. எதிராளிக்குச் சிவப்பு விழுந்துவிட்டால் நீங்கள் பிரேக் அவுட் ஆனாலும் தோற்கமாட்டீர்கள், அப்போது காலை எடுத்து அந்த ஓட்டத்தை வீணாக்காமல் கோடுவரை முழுக்க மிதித்து, அன்றைய காற்றில் கார் உண்மையில் எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.