காது கேளாமை ஆராய்ச்சிச் செய்திகளில் நாம் சறுக்கும் இடங்கள்

"காது கேளாமைக்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று ஒரு தலைப்பைப் பார்த்ததும் வீட்டில் காது மந்தமான பெரியவருக்கு அதை அனுப்பிவிடுகிறோம். அவரும் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஃபோனை நீட்டிக் கேட்கிறார், டாக்டர் ஒரு சிரிப்போடு "இது உங்களுக்கு இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஏன் இல்லை என்று விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இந்தத் துறைச் செய்திகளைத் தப்பாகப் புரிந்துகொள்வதில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: காதில் எந்த இடத்தில் பழுது என்று கேட்காமலேயே மருந்தைப் பற்றிப் பேசுவது.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். உள்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் சுமார் 15,500 முடி செல்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000 போல வெளி முடி செல்கள், மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவது அவற்றின் வேலை. மீதி 3,500 சொச்சம் உள் முடி செல்கள்தான் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றி, சினாப்ஸ் என்கிற இணைப்பு வழியாகச் செவி நரம்பிடம் ஒப்படைக்கின்றன. அந்த நரம்பில் சுமார் 30,000 இழைகள், அவற்றில் 95 விழுக்காடு போல உள் முடி செல்களோடு மட்டுமே தொடர்பு வைத்திருப்பவை. ஆக வெளி முடி செல், உள் முடி செல், சினாப்ஸ், நரம்பு என்று குறைந்தது நான்கு இடங்களில் கோளாறு வரலாம். மைக் கெட்டாலும் சத்தம் வராது, ஒயர் அறுந்தாலும் சத்தம் வராது, ஆனால் இரண்டுக்கும் ரிப்பேர் ஒன்றல்ல. "காது நரம்பு வீக்" என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆடியோகிராம் (எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளக்கும் சோதனை) கோடு கீழே இறங்குவதற்குக் காரணம் நரம்பே இல்லை, முடி செல்கள் செத்துப்போனதுதான்.

2024 ஜனவரியில் லான்செட் இதழில் வந்த ஷாங்காய் ஆய்வை இதை வைத்துப் பார்த்தால் விஷயம் உடனே தெளிவாகிவிடும். பிறவியிலேயே காது கேட்காத ஆறு குழந்தைகளுக்கு ஃபூடான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவமனையில் மரபணு சிகிச்சை கொடுத்தார்கள், ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்தது. பெரிய சாதனைதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு முடி செல்களும் இருந்தன, நரம்பும் இருந்தது. ஓட்டோஃபெர்லின் என்கிற ஒரு புரதம் இல்லாததால் உள் முடி செல் தன் ரசாயனச் செய்தியை நரம்புக்கு வெளியிட முடியாமல் இருந்தது, அவ்வளவுதான். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வண்டியாக வைரஸைப் பயன்படுத்துவார்கள். அந்தப் புரதத்துக்கான மரபணு ஒரே வைரஸுக்குள் அடங்காத அளவு பெரியது, அதை இரண்டாக வெட்டி இரண்டு வைரஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். முப்பது வருடம் இயந்திரச் சத்தத்தில் வேலை செய்து முடி செல்களை இழந்த ஒருவருக்கு இந்த மரபணுவை எவ்வளவு கொடுத்தாலும் பயன் இல்லை, வேலை செய்ய அங்கே செல்லே கிடையாது.

அடுத்த தவறு, ஆடியோகிராம் நார்மல் என்றால் காது நூறு சதவீதம் சரி என்று நினைப்பது. அந்தச் சோதனை என்ன செய்கிறது? சத்தமில்லாத அறையில், வழக்கமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை தனித்தனி ஒலிகளைக் கொடுத்து, கேட்கக்கூடிய மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்கிறது. அமைதியில் ஒரு சின்ன 'பீப்' கேட்க நரம்பிழைகள் நிறையத் தேவையில்லை. 1955-லேயே ஷுக்னெக்ட், வோல்னர் என்ற இருவர் பூனைகளின் செவி நரம்பில் ஒரு பகுதியை வெட்டிப் பார்த்தார்கள், இழைகளில் பெரும்பங்கு போன பிறகும் ஒலி கேட்கும் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. இந்த விஷயம் பல பத்தாண்டுகள் கவனிப்பாரில்லாமல் கிடந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

2009-ல் ஹார்வர்டைச் சேர்ந்த குஜாவாவும் லிபர்மனும் எலிகளுக்கு 100 டெசிபெல் சத்தத்தை இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். சில நாட்கள் காது மந்தமாகி, அப்புறம் அளவுகள் பழையபடி திரும்பிவிட்டன, முடி செல்களும் உயிரோடு இருந்தன. பழைய கணக்குப்படி முழு குணம். ஆனால் சினாப்ஸ்களை எண்ணிப் பார்த்தபோது உயர் அதிர்வெண் பகுதியில் பாதி வரை காணவில்லை. அடுத்து வந்த மாதங்களிலும் வருடங்களிலும் நரம்பு செல்களும் மெல்ல மெல்லச் செத்தன. 2011-ல் ஷெட்டேயும் மெக்கால்பைனும் இதற்கு 'மறைந்திருக்கும் கேளாமை' என்று பெயர் வைத்தார்கள். இசை நிகழ்ச்சி முடிந்து காது அடைத்து, ரீங்காரம் கேட்டு, காலையில் எல்லாம் சரியாகிவிட்டால் "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுகிறோமே, அந்த நம்பிக்கையை அசைத்தது இந்த ஆய்வுதான். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி என்று அமெரிக்கத் தொழில்நலக் கழகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அதன்படி 100 டெசிபெலுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம்தான்.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்திலும் இதே சறுக்கல் உண்டு. காது கேட்கிறதா என்று பார்க்க எடுக்கும் ஓ.ஏ.இ. சோதனை, வெளி முடி செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டுமே சொல்லும். நரம்பிலோ சினாப்ஸிலோ கோளாறு இருக்கும் குழந்தை அதில் அழகாகப் பாஸாகிவிடும், மூளைத்தண்டு வரை சமிக்ஞை போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையில்தான் மாட்டும். பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை என்றால் பெரா எடுத்தார்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

இனி எதிர்ப்பக்கத்துத் தவறு. 'மறைந்திருக்கும் கேளாமை' பற்றிப் படித்தவுடன், கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்றாலே எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிடுவது. உயிரோடு இருக்கும் மனிதரின் சினாப்ஸ்களை எண்ணிச் சொல்ல இன்றைக்கு ஒரு சோதனையும் இல்லை. இறந்தவர்களின் செவி எலும்பை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள், வயது ஏற ஏற நரம்பு இணைப்புகள் கணிசமாகக் குறைவதைக் காட்டியிருக்கின்றன, அதுவரை உறுதி. ஆனால் சாதாரண ஆடியோகிராம் உள்ள இளைஞர்களிடம் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. மான்செஸ்டரில் 126 பேரிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் கேட்ட சத்தத்துக்கும், ஒலி கேட்கும்போது செவி நரம்பில் எழும் மின் அலைக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்களிடம் செய்த ஆய்விலோ, துப்பாக்கிச் சத்தத்தில் அதிகம் புழங்கியவர்களுக்கு அந்த அலை சிறுத்திருந்தது. குரங்குகளில் பார்த்தபோது எலிகளைவிட அவற்றின் காது சத்தத்தை நன்றாகவே தாங்கியது, மனிதர்களும் அப்படித்தான் இருக்கக்கூடும். கூட்டத்தில் பேச்சு புரியாமல் போக கவனக்குறைவு, வயது, மூளை செயல்படும் விதம், சாதாரணக் காதழுக்கு என்று வேறு காரணங்களும் இருக்கின்றன.

எலி என்றதும் இன்னொன்று. ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் பிளாக் 6 வகை எலிக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை உண்டு, சத்தமே கேட்காவிட்டாலும் நடுவயதுக்குள் உயர் அதிர்வெண் கேட்பதை அது இழந்துவிடும். வயதான பிளாக் 6 எலியை வைத்து "இந்த மருந்து முதுமைக் கேளாமையைத் தடுக்கிறது" என்று யாராவது சொன்னால், அது அந்த ஒரு மரபணுக் குறையைத் தடுத்ததா, முதுமையைத் தடுத்ததா என்று கேட்க வேண்டும். மாணவர்கள் கட்டுரை படிக்கும்போது எந்த எலி என்று முதலில் பார்த்துக்கொள்வது பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான் அதிகம் கவலைப்படுவது சின்ன சோதனைகளை நம்பி ஏமாறுவதைப் பற்றி. பறவைகளின் காதில் முடி செல்கள் திரும்ப முளைக்கின்றன என்று 1980-களின் இறுதியில் தெரியவந்ததிலிருந்து, மனிதர்களுக்கும் அது சீக்கிரம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு ஓயவே இல்லை. ஃபிரீக்வென்சி தெரபியூடிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-322 அந்த வழியில் வந்த ஊசி மருந்து. ஆரம்பத்தில் ஒரு சில பேரிடம் செய்த சோதனையில் சிலருக்குச் சொற்களைப் புரிந்துகொள்ளும் மதிப்பெண் கூடியது, உலகம் முழுவதும் காது கேளாதோர் வட்டங்களில் இதே பேச்சாக இருந்தது. 2021-ல் பெரிய சோதனையில் மருந்துக்கும் வெற்று ஊசிக்கும் வித்தியாசம் இல்லை. வெற்று ஊசி போட்டவர்களுக்கும் மதிப்பெண் கூடியிருந்தது! சோதனையில் சேர இடம் கிடைக்க வேண்டும் என்று சிலர் தொடக்கத் தேர்வில் குறைவாகச் செய்திருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. வடிவமைப்பை மாற்றி மறுபடி செய்தார்கள், 2023 பிப்ரவரியில் அதுவும் தோற்றது, திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கணக்கு போட்டே பார்க்கலாம். 50 சொற்கள் கொண்ட பட்டியலில் பாதியைச் சரியாகச் சொல்கிற ஒருவருக்கு எந்த மருந்தும் கொடுக்காமல் இன்னொரு பட்டியல் கொடுத்தால், மதிப்பெண் 18 விழுக்காடு வரை மேலேயோ கீழேயோ போவது வெறும் தற்செயலால் நடக்கக்கூடியது. ஆகவே "பத்தில் நான்கு பேருக்கு முன்னேற்றம்" என்று படித்தால், ஒப்பிட வெற்று மருந்துக் குழு இருந்ததா, மருந்து கொடுக்கும் முன் எத்தனை தடவை அளந்தார்கள், ஆடியோகிராமும் நகர்ந்ததா என்று பாருங்கள். இது எதுவும் இல்லாமல், ஸ்டெம் செல் ஊசி என்று சொல்லி நோயாளியிடமே பணம் வாங்குகிற இடங்கள் வேறு ரகம், அவற்றை ஆராய்ச்சி என்று சொல்வதே தப்பு.

மறதி நோய்ச் செய்திகளிலும் அவசரம் வேண்டாம். காது மெஷின் போடாவிட்டால் டிமென்ஷியா வரும் என்று பயமுறுத்தும் விளம்பரங்கள் நிறைய. 977 முதியவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்து 2023-ல் வெளியான அச்சீவ் சோதனையில், மொத்தமாகப் பார்த்தால் மெஷினால் அறிவுத்திறன் சரிவு குறையவில்லை, ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த பிரிவினரிடம் மட்டும் சரிவு ஏறக்குறைய பாதியாகியது. அதே ஆண்டு லான்செட் பொதுநல இதழில் மெஷினுக்கு ஆதரவாக வந்த ஒரு பெரிய ஆய்வோ, கணினி நிரலில் மெஷின் போட்டவர்களும் போடாதவர்களும் இடம் மாறிப்போனதால் டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. மெஷின் போடுங்கள், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதற்காகப் போடுங்கள், அந்தக் காரணமே போதும்.

"நரம்பு போயிடுச்சு, இனி ஒன்றும் பலிக்காது" என்பதும், "மருந்து வரட்டும், அதுவரை இம்பிளான்ட் வேண்டாம்" என்பதும் ஒரே குழப்பத்தின் இரண்டு முகங்கள். முடி செல்கள் போன பிறகும் மனிதர்களின் செவி நரம்பு செல்கள் பல வருடங்கள் தாக்குப்பிடிக்கின்றன, அதனால்தான் நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் வேலை செய்கிறது. பிறவியில் கேட்காத குழந்தைக்கு மருந்துக்காகக் காத்திருப்பது இன்னும் மோசம், மொழி பதியும் வயது காத்திருக்காது.

தடுக்கிற ஆராய்ச்சி சத்தமில்லாமல் முன்னே போய்விட்டதையும் பலர் கவனிப்பதில்லை. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து காதைக் கெடுக்கும். அதைக் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்ஃபேட் ஏற்றிய குழந்தைகளில் 33 விழுக்காட்டினருக்கும், ஏற்றாதவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் கேளாமை வந்ததாக 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. பரவாத திடக் கட்டிகள் உள்ள குழந்தைகளுக்கு இதைக் கொடுக்க அமெரிக்காவில் 2022-ல் அனுமதியும் கிடைத்துவிட்டது.

கடைசியாக, ஆராய்ச்சிக்கெல்லாம் காத்திருக்காத ஒன்று. ஒரு காது மட்டும் ஒரே நாளிலோ மூன்று நாட்களுக்குள்ளோ மந்தமானால் "சளி அடைப்பு, தானாகப் போகும்" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அது திடீர் உள்காதுக் கேளாமையாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு முதல் இரண்டு வாரங்களுக்குள்தான், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், பயப்படாமல் எடுத்துவிடுங்கள். வீட்டிலேயே ஒரு சின்ன அடையாளம் பார்க்கலாம்: வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அடைப்பாக இருக்கலாம், நல்ல காதில் பலமாகக் கேட்டால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அன்றைக்கே காது டாக்டரைப் பார்த்துவிடுங்கள், இரண்டாவது என்றால் இரவானாலும் கிளம்புங்கள்.