புளி போடும் முன் படியுங்கள்: பழைய நாணயத்தின் தேய்மானத்தை எடைபோடுவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பிஸ்கட் டின்னிலோ சாமி மேடைக்கு அடியிலோ ஒரு பிடி காசு கிடைப்பது சாதாரணம். சதுர செண்டு, ஏழாம் எட்வர்ட் தலை போட்ட அந்தக் கால மலாயா வெள்ளி டாலர், இந்தியாவிலிருந்து வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், நாடாளுமன்றக் கட்டடம் போட்ட 50 காசு, எல்லாம் கலந்து கிடக்கும். கிடைத்த கையோடு புளியைக் கரைத்து ஊறப்போட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பது மாதிரி தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சேகரிப்பவர் காசு கொடுப்பது பளபளப்புக்கு இல்லை, அச்சில் விழுந்த வேலைப்பாடு இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்கும், மேற்பரப்பில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கும்தான்.

அச்சு அழுத்தும்போது உலோகம் கொஞ்சம் வழிந்தோடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் நிற்கும். புதுக் காசை விளக்கடியில் சாய்த்துச் சுற்றினால் ஒரு ஒளிக்கீற்று காசோடு சேர்ந்து சுழல்வது இதனால்தான். இதை லஸ்டர் என்பார்கள். புளியின் அமிலம் முதலில் தின்பது இதைத்தான். அப்புறம் என்ன தேய்த்தாலும் திரும்பி வராது. தேய்த்த காசும் மின்னும், ஆனால் அந்த மினுக்கம் சுழலாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தட்டையாக அடிக்கும். செப்புக் காசாக இருந்தால் வெறும் செம்பு மாதிரி ஒரு இளஞ்சிவப்பு நிறமும், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் போகாமல் நிற்கும் கறுப்பும் சேர்ந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பார்க்கும் முறைக்கு வருவோம். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மஞ்சள் பல்பை மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். டியூப் லைட்டில் லஸ்டர் சரியாகத் தெரியாது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நாலு பக்கமும் வெள்ளை எல்இடி எரியும்போது எந்தக் காசும் புதுசு மாதிரித்தான் இருக்கும், அங்கே வாங்குவதாக இருந்தால் சின்ன டார்ச்சைக் கையில் கொண்டுபோய்ச் சாய்வாக அடித்துப் பாருங்கள். 5 அல்லது 7 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், கீழே ஒரு மெத்தென்ற துணி இருக்கட்டும்.

இனி தேய்மானம். எந்தக் காசிலும் மேடான இடங்கள்தான் முதலில் தேயும், அதனால் காசை மொத்தமாகப் பார்க்காமல் நேரே அந்த இடங்களுக்குப் போங்கள். எட்வர்ட் டாலரில் கிரீடத்தின் பட்டையில் உள்ள மணிகள், காதுக்கு மேலே உள்ள முடி, கன்னம், தாடி. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடமும், மன்னரின் அங்கியில் உள்ள குட்டி யானையும் (1911 ரூபாயில் இந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டு அச்சையே மாற்றினார்கள், உங்கள் டின்னில் 1911 இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்). ஆறாம் ஜார்ஜ் சதுர செண்டில் புருவமும் கிரீடமும். 1967 முதல் வந்த நாடாளுமன்றக் காசுகளில் கோபுரத்தின் சன்னமான கட்டங்கள்.

அந்த மேட்டில் முதலில் மாறுவது வடிவம் இல்லை, நிறம். லேசாகப் புழங்கிய வெள்ளிக் காசில் கன்னத்தின் உச்சி சுற்றியுள்ள இடத்தைவிட ஒரு மாற்று மங்கி, சாம்பல் பூத்த மாதிரி தெரியும், சுழலும் ஒளிக்கீற்று அந்த இடம் வந்ததும் அறுந்துபோகும். இந்த அறுப்பு இருந்தால் அது அன்சர்குலேட்டட் (புழக்கத்துக்கே போகாதது) இல்லை, விற்பவர் என்ன சொன்னாலும் சரி. முடி இழை இழையாக நின்று, உச்சியில் மட்டும் லேசான தேய்வு இருந்தால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். இழைகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்து, கிரீடத்து மணிகளை இன்னும் எண்ண முடிந்தால் வெரி ஃபைன். முடி ஒரே தட்டையான பரப்பாகி, மணிகள் கரைந்து, எழுத்தும் ஆண்டும் மட்டும் தெளிவாக நின்றால் ஃபைன். அதற்குக் கீழே உள்ளவை, அபூர்வமான ஆண்டாக இல்லாவிட்டால், பெரும்பாலும் வெள்ளி எடைக்குத்தான் போகும்.

இது நம் பக்கத்துக் கடைக்காரர்கள் பேசும் பிரிட்டிஷ் கணக்கு. தரம் போடும் நிறுவனங்கள் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் காசுகளில் எண் இருக்கும்: 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்பு செண்டுகளுக்காகப் போட்ட 1 முதல் 70 வரையிலான அளவு அது. அதில் ஃபைன் என்றால் 12, 15. வெரி ஃபைன் 20 முதல் 35. எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் 40, 45. ஏயு (ஏறக்குறைய புழங்காதது) 50 முதல் 58. 60உம் அதற்கு மேலும் புழக்கத்துக்கே போகாதது. ப்ரூஃப் என்பது தரம் இல்லை, தனியாக மெருகேற்றிய அச்சில் அடிக்கும் முறை, அதிலும் கீறல் விழுந்து தரம் இறங்கிய காசுகள் உண்டு.

தேய்மானம் மாதிரி தெரிந்தும் தேய்மானம் இல்லாதவைதான் ஆளைக் குழப்பும். அச்சு சரியாக அழுந்தாத காசில் நடுப்பகுதி தட்டையாக இருக்கும், ஆனால் அந்தத் தட்டையான இடத்திலும் லஸ்டர் ஓடும். அது தேய்வு கிடையாது. ஒரே சாக்கில் காசோடு காசு இடித்ததால் விழுந்த சின்ன வெட்டுகளும் தேய்வு இல்லை, 60க்கும் 65க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த வெட்டுகள் எத்தனை, எங்கே விழுந்திருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது. துணியால் துடைத்த காசில் ஒரே திசையில் ஓடும் முடிக்கீறல்கள் தெரியும். காசு மாலையில் கோத்திருந்தால் விளிம்பில் பற்றவைத்த தடமோ அடைத்த துளையோ இருக்கும், மேல் விளிம்பை விரலால் அல்ல, லென்ஸால் தேடுங்கள். இப்படிப்பட்டவற்றைத் தரம் போடும் நிறுவனங்கள் எண் கொடுக்காமல் டீட்டெய்ல்ஸ் என்று எழுதித் திருப்பிவிடும்.

வெள்ளி டாலரை வாங்கும் முன் தராசில் போடாமல் பணத்தை எடுக்காதீர்கள். 1903, 1904 டாலர் 26.95 கிராம். 1907 முதல் 1909 வரை வந்தது அளவும் சின்னது, 20.2 கிராம்தான். ஐந்தாம் ஜார்ஜின் 1919, 1920 டாலர் 16.85 கிராம், அதில் வெள்ளி பாதிதான். 1908 என்று போட்டு 27 கிராம் நின்றால் அது கள்ளக் காசு, பேச்சே வேண்டாம். இயல்பாகத் தேய்ந்த காசு எடையில் கொஞ்சம்தான் குறையும், 1903 டாலர் 23, 24 கிராமில் நின்றால் திருப்பிக் கொடுங்கள். காந்தத்தில் ஒட்டினாலும் அப்படியே. பழசு மாதிரி காட்ட உருட்டித் தேய்த்த போலியில் பள்ளமான இடங்களும் மழுங்கியிருக்கும், சட்டைப்பையில் புழங்கிய காசில் பள்ளம் அப்படி மழுங்காது.

சாமி மேடையில் இருந்த காசில் எண்ணெயும் குங்குமமும் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊறவிடுங்கள், பிசுக்கு போகாவிட்டால் சுத்தமான அசிட்டோனில், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தள்ளி. தேய்க்க வேண்டாம், விபூதி ஒட்டியதைத் தேய்த்தால் அதுவே கீறும். பிறகு தானாக உலரட்டும். மெதுமெதுவென்ற பிவிசி உறையில் போட்டால் நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரமே பச்சைப் பிசின் பிடிக்கும், மைலார் (பிவிசி இல்லாத கண்ணாடி மாதிரித் தாள்) ஒட்டிய அட்டை உறையில் போட்டு, டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து மூடுங்கள், ஈரம் இழுத்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்குவது எல்லாக் காசுக்கும் கட்டாது. காசின் விலையே கட்டணத்துக்குச் சமமாக இருந்தால் அட்டை உறையிலேயே இருக்கட்டும், உறை மேல் ஆண்டு, எடை, நீங்கள் கணித்த தரம் மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள். எழுதுவதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் காசை உள்ளே வையுங்கள், இல்லையென்றால் பென்சில் அழுத்தம் காசிலும் பதிந்துவிடும்.