991எம்எஸ் கால்குலேட்டரில் நியூட்டன்-ராஃப்சன் கணக்கைப் போடுவது எப்படி?

காசியோ நிறுவனம் 1985-இல் எஃப்எக்ஸ்-7000ஜி என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, வரைபடத்தைத் திரையிலேயே காட்டும் கால்குலேட்டர்கள் வெளிநாட்டுப் பொறியியல் மாணவர்களின் செல்லப்பொருளாகிவிட்டன. நம் ஊர்த் தேர்வறைகளில் அவற்றுக்குப் பொதுவாக இடமில்லாததால், இங்கே அந்தப் பாசம் முழுவதும் இரண்டு வரித் திரை கொண்ட எஃப்எக்ஸ்-991எம்எஸ் மீது விழுந்தது. அதற்கு முதல் காரணம், கடைசியாக வந்த விடையை நினைவில் வைத்திருக்கும் ஆன்ஸ் பொத்தான் என்பேன்.

எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 = 0 என்ற சமன்பாட்டின் மூலத்தை, ஒரு தோராய மதிப்பில் தொடங்கி அதைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே நெருங்கும் நியூட்டன்-ராஃப்சன் முறையில் காண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க மதிப்பாக 2 என்று அழுத்தி, சமக்குறியைத் தட்டுங்கள். அந்த 2 இப்போது ஆன்ஸில் உட்கார்ந்திருக்கும். அடுத்து, எக்ஸ் வரும் இடத்திலெல்லாம் ஆன்ஸ் பொத்தானை அழுத்தி, வாய்பாட்டை ஒரே ஒரு முறை உள்ளிடுங்கள்: ஆன்ஸ் − (ஆன்ஸ்³ − 2 × ஆன்ஸ் − 5) ÷ (3 × ஆன்ஸ்² − 2). வகுக்கும் பகுதி, சமன்பாட்டின் இடப்பக்கத்தை வகையிட்டால் கிடைப்பது. இந்தக் கருவியில் பின்னத்தை மேலும் கீழுமாக எழுத வழியில்லை என்பதால், தொகுதிக்கும் பகுதிக்கும் தனித்தனி அடைப்புக்குறி இடாவிட்டால் விடை தவறிவிடும்.

இனிச் சமக்குறியை மட்டும் தட்டினால் போதும். முதல் தட்டில் 2.1, இரண்டாவதில் 2.094568, மூன்றாவதில் 2.094551 என்று வரும். அதற்கு மேல் தட்டினாலும் ஆறு தசம இடங்கள் வரை எண் அசையாது. ஒவ்வொரு தட்டுக்கும் வரும் மதிப்பை விடைத்தாளில் எழுதிய பிறகே அடுத்ததைத் தட்டுங்கள், ஏனெனில் இடைநிலைப் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு.

விடையைச் சரிபார்க்க, மோட் பொத்தானை மூன்று முறை அழுத்தி 1-ஐத் தேர்ந்தெடுத்தால் சமன்பாட்டுப் பகுதி திறக்கும். வலது அம்பை அழுத்தினால் சமன்பாட்டின் படியை, அதாவது எக்ஸின் மிக உயர்ந்த அடுக்கைக் கேட்கும். 3 என்று சொல்லி, கெழுக்களாக 1, 0, −2, −5 ஆகியவற்றைக் கொடுங்கள். எக்ஸ்² இல்லாததால் வரும் அந்த 0-ஐ விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். திரையின் மேல் மூலையில் ஆர், ஐ எழுத்துகள் தெரிந்தால், அது சிக்கலெண் மூலம் என்று புரிந்துகொண்டு அடுத்ததைப் பாருங்கள்.

கோண அலகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்ணியல் முறைகள் தேர்வுக்காக ரேடியனுக்கு மாற்றிய கருவியை, மறுநாள் மெக்கானிக்ஸ் தேர்வுக்கு அப்படியே கொண்டுபோய், சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கு ஒன்றை முழுவதுமாகக் கோட்டைவிட்டவன் நான். உராய்வு விசை எதிர்க்குறியோடு வந்தபோதும் கணக்கைத்தான் சந்தேகித்தேனே தவிர, கருவியைச் சந்தேகிக்கவில்லை. வினாத்தாள் கைக்கு வருவதற்கு முன் சைன் 30 என்று அழுத்திப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது, −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. மோட் பொத்தானை நான்கு முறை அழுத்தி, டிகிரிக்கு 1, ரேடியனுக்கு 2 என்று மாற்றிக்கொள்ளலாம்.

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்குத் தயாராகிறவர்கள் மட்டும் இந்த விரல் பழக்கத்தை நம்பிப் போக வேண்டாம். அங்கே சொந்தக் கருவிக்கு அனுமதியில்லை. கணினித் திரையில் தோன்றும் கால்குலேட்டரை மவுஸால் சொடுக்கித்தான் கணக்குப் போட வேண்டும் என்பதால், கடைசிச் சில வாரங்களிலாவது அதிலேயே பயிற்சி எடுங்கள்.